மாடியில் பத்து பேனல், வீட்டுக்குள் மெழுகுவர்த்தி

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த பதிவு இது. ஆபீஸில் ஆணி பிடுங்கி முடித்து வீட்டுக்கு வந்தால் சிட்னியில் எட்டு மணி ஆகிவிடுகிறது. இந்த வாரம் தங்கமணியும் பிள்ளைகளும் நண்பர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், வீடு அமைதியாக இருக்கிறது. எழுதிவிடலாம்.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி.

2021 நவம்பர் 18, 19 தேதிகளில் திருப்பதியில் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். சுவர்ணமுகி கரை மீறியது, மலைப்பாதைகள் மூடப்பட்டன, தெருக்களில் கார்கள் மிதந்த வீடியோவை நாம் எல்லோரும் வாட்ஸப்பில் மாற்றி மாற்றி அனுப்பிக் கொண்டிருந்தோம். எங்களுக்குச் சொந்த ஊர் சித்தூர். நைனா ரிட்டயர் ஆன பிறகு அவரும் அம்மாவும் திருப்பதியில் வீடு கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தார்கள். அந்த இரண்டு ராத்திரியும் கரண்ட் இல்லை. நைனாவுக்கு வீசிங் உண்டு. மழைக்காலம் வந்தால் நெபுலைசர் இல்லாமல் முடியாது. நெபுலைசருக்கோ கரண்ட் வேண்டும்.

சனிக்கிழமை காலை போன் கிடைத்தது. அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏம்ப்பா, அவ்வளவு ரூபா போட்டு மாடி மேல சோலார் வெச்சியே. ராத்திரி வெயில் இல்ல, சரி. இப்ப வெயில் வந்துட்டுதே. ஏன் ஃபேன் ஓடல?"

என்னிடம் பதில் இல்லை.

2019ல் ஊருக்குப் போயிருந்தபோது நான்தான் முன்னால் நின்று அதைப் போட்டேன். 330 வாட் பேனல் பத்து, மொத்தம் 3.3 கிலோவாட். போட்டவர் கூரையைக் காட்டினார், பில் எவ்வளவு குறையும் என்று கணக்குக் காட்டினார். கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பி.காம். படித்து, கடன் பத்திரத்தின் பொடி எழுத்தை எல்லாம் வாடிக்கையாளருக்குப் படித்துச் சொல்லும் வேலையில் இருப்பவன், என் வீட்டுப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட வைத்திருக்கிறேன். என்னத்தைச் சொல்ல!

அந்த இரண்டு நாளும் நெபுலைசர் எங்கே ஓடியது தெரியுமா? பக்கத்து வீட்டு வாத்தியார் மாமா வீட்டில். அவரிடம் இருந்தது பழைய இன்வெர்ட்டரும் ஒரு லெட் பேட்டரியும். அதைப் பார்த்து, "இன்னும் எதுக்கு மாமா இந்தப் பொட்டி?" என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் தேடப் போய், எங்கள் ஊரில் சூரியனைக் கரண்ட் ஆக்கிய கதை முழுவதையும் படிக்க வேண்டியதாகிவிட்டது. படித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: சோலார் வரலாறு என்பது பேனலின் வரலாறு அல்ல. சூரியன் இல்லாத நேரத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியின் வரலாறு. ஒவ்வொரு காலத்திலும் அதற்கு ஒரு பதில் இருந்திருக்கிறது.

கம்பம் யாருடையது?

சித்தூர் 1911 வரை வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகர். அந்த வருடம்தான் சித்தூர் தனி ஜில்லா ஆனது. சென்னை மாகாணத்தில் 1927ல் மின்சாரத்துக்கென்று தனி இலாகா வந்தது. 1930களில் பைகாராவும் மேட்டூரும் ஓட ஆரம்பித்தன. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரா பிரிந்தபோது நாங்கள் அந்தப் பக்கம் போனோம். 1960 ஏப்ரலில் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. அதற்குள் 1959ல் ஆந்திர மாநில மின்சார வாரியம் உருவாகிவிட்டது.

இத்தனை மாற்றத்திலும் ஒன்று மட்டும் மாறவில்லை. கரண்ட் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும், பணம் வீட்டிலிருந்து கரண்ட் ஆபீஸுக்குப் போகும். 1910ம் வருட இந்திய மின்சாரச் சட்டப்படி கரண்ட் சப்ளை செய்ய லைசென்ஸ் வேண்டும். வீட்டுக்காரன் கரண்ட் கொடுக்கிற ஆளாக இருப்பான் என்று அந்தக் காலத்தில் யார் நினைத்தார்கள்? மீட்டரில் அந்த அலுமினியத் தட்டு ஒரே பக்கமாகத்தான் சுற்றும். நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்தச் சிவப்புக் கோடு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிக்கொண்டு நிற்பேன்.

மலை மேல் 106 கிண்ணங்கள்

எங்கள் பக்கத்தில் சூரியனைப் பெரிய அளவில் வேலைக்கு வைத்த முதல் ஆசாமி யார் என்று கேட்டால், சாட்சாத் பெருமாள்தான் :-)

2002 அக்டோபரில் திருமலை அன்னதானக் கூடத்தின் சமையலுக்குச் சூரிய நீராவி அமைப்பு தொடங்கப்பட்டது. ஒவ்வொன்றும் 9.2 சதுர மீட்டர் கண்ணாடிப் பரப்புள்ள 106 கிண்ணங்கள். வோல்ஃப்காங் ஷெஃப்லர் என்பவர் 1980களில் வடிவமைத்த வகை அது. கிண்ணம் சூரியனைப் பார்த்துத் தானாகத் திரும்பிக்கொண்டே வரும், ஆனால் வெளிச்சம் குவியும் இடம் மட்டும் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். அந்த இடத்தில் தண்ணீரை வைத்தால் நீராவி. குஜராத்தின் காதியா சோலார் நிறுவனம் அமைத்துக் கொடுத்தது. நாளைக்கு 4000 கிலோவுக்கு மேல் நீராவி, 180 டிகிரி சூட்டில். சுமார் 15,000 பேருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு ஆக்க அது போதும் என்று கணக்கு. வருடத்துக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் டீசல் மிச்சம் என்றார்கள்.

அப்போது எனக்கு இருபத்திச் சொச்சம் வயது. மலைக்குப் போனபோது அந்தக் கண்ணாடிகள் மின்னுவதைப் பார்த்து, "இனிமே டீசலே வேணாம் போல இருக்கு" என்று நைனாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "மழை வந்தா ஜனங்க பசியோட போவாங்களா?" என்றார்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. அந்த நீராவிக் குழாய், ஏற்கெனவே இருந்த டீசல் பாய்லரோடு இணைக்கப்பட்டிருந்தது. பாய்லரைத் தூக்கிப் போடவில்லை. வெயில் இருக்கும்போது சூரியன், இல்லாதபோது டீசல். சாப்பாடு போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்த சமையலறை, சூரியனை மட்டும் நம்பி அடுப்பை அணைக்கவில்லை. ஆக, முதல் பதில்: டீசல் பாய்லர்.

பெட்டமிட்டாவில் இருந்து போய்த் திரும்பி வந்தவர்

இரண்டாவது பதில் பேட்டரி. இதற்கு நாம் வெளியூர் போகவே வேண்டாம், பேட்டரி எங்கள் ஊர்ச் சரக்கு.

சித்தூர் ஜில்லா பெட்டமிட்டா கிராமத்தில் பிறந்தவர் கல்லா ராமச்சந்திர நாயுடு. திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் முடித்து, அமெரிக்கா போய் மேல்படிப்புப் படித்து, அங்கே மின் நிலையங்களை வடிவமைக்கும் சார்ஜென்ட் அண்ட் லண்டி நிறுவனத்தில் பல வருடம் வேலை செய்தார். நம்மைப் போல ஒரு வெளிநாட்டு உத்தியோகஸ்தர். வித்தியாசம் என்னவென்றால், அவர் 1980களின் நடுவில் ஊருக்குத் திரும்பி வந்துவிட்டார். 1985ல் அமர ராஜாவைத் தொடங்கினார். திருப்பதியை ஒட்டிய கரகம்பாடியில் தொழிற்சாலை. ரயில்வேக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கும் தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய பேட்டரிகள் அங்கே தயாராகின. 1997ல் அமெரிக்காவின் ஜான்சன் கன்ட்ரோல்ஸோடு கூட்டு. 2000ல் அமரான் என்ற பெயர் கடைக்கு வந்தது. எங்கள் பக்கம் பல குடும்பங்களில் யாராவது ஒருத்தர் பேட்டரி ஃபேக்டரியில் இருப்பார்.

கரண்ட் கட் பெருகப் பெருக வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. ஹாலின் மூலையில் ஒரு பெட்டி, பக்கத்தில் ஒரு பேட்டரி, மாதம் ஒரு தடவை டிஸ்டில்ட் வாட்டர். கணக்கு சுலபம்: 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் என்றால் 1800 வாட்-அவர், அதாவது 1.8 யூனிட். லெட் பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சக் கூடாது, ஆயுசு குறைந்துவிடும். பாதிக்குக் கொஞ்சம் மேலே எடுக்கலாம். இரண்டு ஃபேன், மூன்று லைட், ஐந்து மணி நேரம். நெபுலைசரும் பத்து நிமிஷம் ஓடிவிடும்.

இந்தப் பேட்டரிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உள்ளே இருப்பது ஈயம். 2021 ஏப்ரலில், ஈயக் கசிவைக் காரணம் காட்டி ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமர ராஜாவின் ஆலைகளை மூட உத்தரவிட்டது, மே மாதம் உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. ஊருக்குச் சோறு போட்டதும் அதே ஈயம்தான், ஊர்க்காரர்கள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துப் பார்க்க வேண்டி வந்ததும் அதே ஈயம்தான். 2023ல் அந்த நிறுவனம் லித்தியம் பேட்டரிக்கான பெரிய ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. இடம் எங்கள் ஜில்லா இல்லை, தெலங்கானாவின் மகபூப்நகர்.

எல்லைக்கு அந்தப் பக்கம் வங்கி செய்த வேலை

நம்ம தொழில் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

2003ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் உதவியோடு கனரா வங்கியும் சிண்டிகேட் வங்கியும் (2020ல் இரண்டும் ஒன்றாகிவிட்டன) கர்நாடகத்தில் வீட்டுச் சோலாருக்குக் கடன் கொடுக்க ஆரம்பித்தன. ஒரு சின்ன பேனல், ஒரு பேட்டரி, சில லைட்டுகள். இவ்வளவுதான் சரக்கு. 12 சதவீதத்தை ஒட்டிய வட்டியை மானியம் கொடுத்து 5 சதவீதத்தில் தொடங்கினார்கள். 2007ல் திட்டம் முடிந்தபோது ஏறத்தாழ 20,000 வீடுகள் கடன் வாங்கியிருந்தன. அதில் முக்கியமான சங்கதி, கடன் வாங்கியவர்களுக்குக் கரண்ட் ஆபீஸோடு எந்தச் சம்பந்தமும் வேண்டியிருக்கவில்லை. பேனல் அவர்களுடையது, பேட்டரி அவர்களுடையது, இருட்டும் அவர்கள் பொறுப்பு. கம்பத்தில் கரண்ட் இருந்தாலும் போனாலும் அந்த வீட்டில் லைட் எரியும்.

ஆனால் பெரிய வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. ஏ.சி., மோட்டார், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் பேட்டரியில் ஓட்டினால் அந்த நாளில் சொத்தை விற்க வேண்டும். 2008 வாக்கில் பேனலே வாட்டுக்குச் சுமார் 4 டாலர். அதனால் மூன்றாவது பதில் தேவைப்பட்டது.

திருப்பதியில் ஒரு கணக்குப் புத்தகம்

ஆந்திராவில் 1998ம் வருட மின் சீர்திருத்தச் சட்டத்தால் வாரியம் உடைந்தது. உற்பத்தி தனி, பெரிய லைன் தனி. 2000 ஏப்ரலில் விநியோகமும் நான்கு கம்பெனிகளாகப் பிரிந்தது. அதில் தெற்கு விநியோகக் கம்பெனிக்குத் தலைமையகம் திருப்பதி. கிருஷ்ணாவில் இருந்து சித்தூர் வரை 6 ஜில்லா. 2014ல் மாநிலம் பிரிந்தபோது அனந்தபூரும் கர்நூலும் சேர்ந்தன. 2019 டிசம்பரில் கிருஷ்ணா, குண்டூர், பிரகாசம் மூன்றும் விஜயவாடாவுக்குப் போயின.

2003 ஜூனில் புதிய மின்சாரச் சட்டம் அமலுக்கு வந்தது. கரண்ட் உற்பத்தி செய்ய லைசென்ஸ் தேவையில்லை என்று அது சொன்னது. கதவு திறந்தது, ஆனால் உள்ளே யாரும் போகவில்லை. பேனல் விலை அப்படி. பத்து வருடத்தில் இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, சீனாவின் உற்பத்தியால் பேனல் விலை தலைகீழாக விழுந்தது. இரண்டு, 2012ல் ஆந்திராவில் கரண்ட் பஞ்சம். தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் சில நாள் பவர் ஹாலிடே. அதே வருடம் மாநிலத்தின் சோலார் கொள்கை வந்தது, 2013ல் நெட் மீட்டரிங் கொள்கை. 2015 பிப்ரவரியில் வந்த அடுத்த கொள்கையில் நெட், கிராஸ் இரண்டில் எது வேண்டும் என்று வீட்டுக்காரரே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள்.

நெட் மீட்டரிங்கை பி.காம். பாஷையில் சொல்கிறேன். பகல் பன்னிரண்டு மணிக்கு உங்கள் மாடியில் 2 யூனிட் விளைகிறது, வீட்டில் அரை யூனிட்தான் செலவு. மிச்சம் ஒன்றரை யூனிட்டைக் கம்பெனியின் கணக்கில் டெபாசிட் செய்கிறீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு அதே ஒன்றரை யூனிட்டை எடுத்துக்கொள்கிறீர்கள். சர்வீஸ் சார்ஜ் கிடையாது. உலகத்தில் எந்த வங்கியும் இப்படிக் கணக்கு வைக்காது! கிராஸ் மீட்டரிங் என்றால் விளைந்தது முழுவதையும் ஒரு விலைக்கு விற்றுவிட்டு, வேண்டியதை இன்னொரு விலைக்கு வாங்குவது.

கம்பெனிக்கு இதில் ஏன் அவ்வளவு உற்சாகம் இல்லை என்பதும் ஒரு கணக்குத்தான். 2022ல் அமலான ஆந்திர வீட்டுக் கட்டணத்தைப் பாருங்கள். முதல் 30 யூனிட் 1.90 ரூபாய், 75 வரை 3 ரூபாய், மேலே போகப் போக 225க்கு மேல் 8.75, 400ஐத் தாண்டினால் 9.75. மேல் படியில் இருப்பவர் கொடுக்கும் பணத்தில்தான் கீழ்ப் படிக்காரரின் சலுகை ஓடுகிறது. சோலார் போட்டால் முதலில் கழிவது அந்த மேல் படி யூனிட்டுகள். எங்கள் பக்கம் 1 கிலோவாட் நாளைக்குச் சுமார் 4 யூனிட் கொடுக்கும். 3 கிலோவாட் என்றால் மாதம் 360. இரண்டு ஏ.சி. வீட்டுக்கு அது கொண்டாட்டம். 70 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு அதில் ஒன்றுமே இல்லை. அந்த வீட்டுக்கு இதுவரை யாரும் பேனல் விற்க வராததற்கு அதுதான் காரணம்.

ஆக மூன்றாவது பதில்: சூரியன் இல்லாத நேரத்துக்குக் கம்பம் பொறுப்பு. பேட்டரி வேண்டாம், கம்பமே பேட்டரி. நான் 2019ல் கையெழுத்துப் போட வைத்தது இந்தப் பதிலுக்குத்தான்.

அந்த இரண்டு வினாடி

இப்போது அம்மாவின் கேள்வி. கம்பமே செத்துப் போனால்?

நெட் மீட்டர் இன்வெர்ட்டர் கம்பத்தில் இருக்கும் கரண்டைப் பார்த்து, அதன் தாளத்துக்கு ஒத்துத்தான் தன் கரண்டைக் கொடுக்கும். கம்பத்தில் கரண்ட் நின்றால் இதுவும் உடனே நிற்க வேண்டும். சர்வதேசத் தரநிர்ணயம் அதற்குக் கொடுத்த அவகாசம் 2 வினாடி. இந்தியாவில் மத்திய மின்சார ஆணையத்தின் 2013ம் வருட விதிகளும் இதைக் கட்டாயம் ஆக்கின.

காரணம் லைன்மேன். கரண்ட் போனால் அவர்தானே கம்பத்தில் ஏறுகிறார்? லைன் செத்துக் கிடக்கிறது என்ற நம்பிக்கையில் கை வைக்கிறார். அந்த நேரம் என் மாடியில் இருந்து கரண்ட் வெளியே போனால், தெரு டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாக வேலை செய்யும். 11,000 வோல்ட்டை இறக்கிக் கொடுக்கும் அதே பெட்டி, என் 230 வோல்ட்டை மறுபடி 11,000 ஆக ஏற்றிவிடும். மழையில் நனைந்துகொண்டு மேலே நிற்கும் மனுஷன் உயிர் போய்விடும்.

இதை அம்மாவிடம் போனில் விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அது சரிதான்ப்பா. அந்தப் பையன் ரெண்டு நாளா தண்ணியில நின்னுக்கிட்டு இருந்தான். ஆனா இத நீ முன்னாடியே சொல்லியிருந்தா, நைனாவுக்கு ஒரு பேட்டரி வாங்கி வெச்சிருப்பனே" என்றார்.

அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

இங்கேயும் இதே கதை

சிட்னிக்காரர்களுக்கு இது புதிதில்லை. 2010 ஜனவரியில் நியூ சவுத் வேல்ஸ் அரசு, மாடியில் விளையும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 60 சென்ட் தருகிறேன் என்றது. கிராஸ் மீட்டர். ஜனங்கள் முண்டியடித்தார்கள். அக்டோபரிலேயே புதியவர்களுக்கு 20 சென்டாகக் குறைத்தார்கள், 2011 ஏப்ரலில் மூடினார்கள். ஏற்கெனவே 60 சென்டில் சேர்ந்தவர்களுக்கும் 40 ஆக்கப் பார்த்து, எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிட்டார்கள். 2016 டிசம்பர் 31ல் எல்லாம் முடிந்தது. இப்போது வாங்குவது யூனிட் 30 சென்டுக்கு மேல், விற்பது 5 சென்ட் பக்கம். கலிஃபோர்னியா நண்பர்களுக்கும் 2023 ஏப்ரலில் இதே அடி விழுந்தது.

விளைவு? பேட்டரி திரும்பி வந்துவிட்டது. 2025 ஜூலை முதல் ஆஸ்திரேலிய மத்திய அரசு வீட்டு பேட்டரிக்குச் சுமார் 30 சதவீதம் தள்ளுபடி கொடுக்கிறது. கம்பம் டெபாசிட்டை ஒன்றுக்கு ஒன்று திருப்பிக் கொடுக்காதபோது, பணத்தை வீட்டுப் பெட்டியிலேயே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வாத்தியார் மாமாவின் பெட்டி!

குப்பம் வரை

இந்தியாவில் விதி எளிதாகிக்கொண்டு வருகிறது. 2020 டிசம்பரில் மின் நுகர்வோர் உரிமை விதிகள் வந்தன. 2024 பிப்ரவரித் திருத்தத்தில், 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சோதனை இல்லாமலே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும், 5 கிலோவாட் வரை லைனைப் பலப்படுத்தும் செலவு கம்பெனியுடையது என்று சொன்னார்கள். அதே மாதம் பி.எம். சூர்ய கர் திட்டம்: ஒரு கோடி வீடு இலக்கு, 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் 78,000 ரூபாய் மானியம். வங்கிக் கடனும் அப்போது 7 சதவீதத்தை ஒட்டிய வட்டியில்.

அதற்கும் மேலே எனக்குப் பிடித்த சேதி, 2025 ஜனவரியில் குப்பம் தொகுதி நடிமூரு கிராமத்தில் முதல்வர் சந்திரபாபு நாயுடு தொடங்கி வைத்த திட்டம். ஒரு கிராமத்தின் வீடுகள் எல்லாவற்றுக்கும் கூரை சோலார். தாழ்த்தப்பட்ட, பழங்குடிக் குடும்பங்களுக்கு 2 கிலோவாட் இலவசம் என்று மாநில அரசு அறிவித்திருக்கிறது. 70 யூனிட் வீட்டுக்குப் பேனல் விற்க யாரும் வரவில்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு அரசாங்கம் கொடுக்கும் பதில் இது. ஒரு திருத்தம் மட்டும் கேட்பேன். கரண்ட் போனால் அந்தக் கூரைகளும் நின்றுவிடும். ஒரு லைட்டுக்கும் ஒரு ஃபேனுக்கும் போதுமான சின்ன பேட்டரியும் சேர்ந்தால்தான் அந்த வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் படிக்க முடியும்.

எங்கள் வீட்டில்

நைனா 2023ல் காலமானார். பேட்டரி போட வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன், போட்டது 2024ல். இன்வெர்ட்டரை ஹைபிரிட் வகைக்கு மாற்றி, 5 யூனிட் லித்தியம் பேட்டரி. கரண்ட் போனால் வீடு கம்பத்தில் இருந்து தானே துண்டித்துக்கொள்ளும், லைன்மேனுக்கு ஆபத்தில்லை. உள்ளே ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் ஓடும். வேலை ஒரு வாரம், பேப்பர் மூன்று மாதம். சர்வீஸ் நைனா பெயரிலேயே இருந்தது. நெட் மீட்டர் ஒப்பந்தமும் அவர் பெயர். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பெயர் மாற்றம் முடிந்த பிறகுதான் அடுத்த கடிதம் நகர்ந்தது. இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன், அவர் இருக்கும்போதே நான் செய்திருக்க வேண்டிய வேலை.

ஊரில் அப்பா அம்மாவுக்கு சோலார் போட நினைக்கும் நண்பர்களுக்கு, பட்டுத் தெரிந்துகொண்ட நாலு விஷயம்:

1. கரண்ட் போனால் என்ன ஆகும் என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள்.

2. சர்வீஸ் நம்பர் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பல வீடுகளில் தாத்தா பெயர்தான் இருக்கும்.

3. மானியம் பேனலின் கிலோவாட்டுக்குத்தான், பேட்டரிக்கு அல்ல. இரண்டுக்கும் தனித்தனி விலை கேளுங்கள்.

4. பேட்டரியை வீடு முழுவதற்கும் கணக்குப் போடாதீர்கள். வயதானவர்களுக்கு ராத்திரி எது நிற்கக் கூடாதோ, அதற்கு மட்டும் போடுங்கள்.

2024 டிசம்பர் முதல் வாரம், ஃபெங்கல் புயல் மழையில் மறுபடி கரண்ட் போயிருக்கிறது. நான் பதறிப்போய் போன் செய்தேன். அம்மாவுக்குக் கரண்ட் போனதே தெரியவில்லை. வாத்தியார் மாமா வந்து சொல்லித்தான் தெரிந்ததாம். அவர் வீட்டு பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற ஆள் இல்லாமல் அது செத்துப் போய்விட்டதாம்.

"செல்லுக்கு சார்ஜ் போட வந்தார்ப்பா. காபி குடிச்சிட்டு, நைனாவப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம். லைன் வர ராத்திரி ஆயிடுச்சி" என்றார் அம்மா.

டிஸ்கி: நான் எலக்ட்ரீஷியன் இல்லை, கணக்குப்பிள்ளை. வேலையை லைசென்ஸ் உள்ளவரிடம் கொடுங்கள். விதிகளும் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும், போடுவதற்கு முன்னால் கரண்ட் ஆபீஸில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.